பாலும் கந்தகமும்

மோரிஸ் மைனர் காரின் பின்பக்கத்தில், பட்டை ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் இடத்தில், கட்டைவிரல் பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் உருளை இருக்கும். நடுவில் ஓட்டை, ஒரு முனையில் சின்ன விளிம்பு. புஷ் என்று சொன்னால் எந்தப் பட்டறையிலும் புரிந்துகொள்வார்கள். இரும்பும் இரும்பும் உரசாமல் நடுவில் நின்று அடி வாங்குவதுதான் அதற்கு வேலை. 1948 முதல் 1971 வரை தயாரான இந்தக் கார்களில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டி இன்றைக்கும் ஓட்டலாம். தகரம் துருப்பிடித்தால் ஒட்டுப் போடலாம். ரப்பரை அப்படிச் செப்பனிட வழியில்லை. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் சேர்ந்து அதை வெடிக்க வைக்கும், கசியும் எண்ணெய் ஊற வைக்கும், கடைசியில் கையால் தொட்டாலே உதிரும்.

மலேசியாவின் சிரம்பானிலோ பகாவிலோ ஒருவர் இந்தக் காரைத் திருத்தப் புறப்பட்டால், இந்த உருளையை இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைப்பார், அல்லது வீட்டுப் பின்கட்டில் தானே வார்த்துக்கொள்வார். அந்தப் பழைய புஷ்ஷுக்கான பால் மலாயா மரத்திலிருந்து வடிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கப்பலேறிப் போன பால் கறுப்பு உருளையாகத் திரும்பி வந்திருக்கிறது. பாலை உருளையாக்குவது கந்தகமும் சூடும். இந்தப் பொருள்கள் எங்கே சந்தித்தன, யார் சேர்த்து வைத்தார்கள், யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்று தேடினால் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

மெக்சிகோவின் வெராக்ரூஸ் பகுதியில் எல் மனாட்டி என்ற சதுப்பு நிலம். அங்கே தோண்டியெடுத்த ரப்பர் பந்துகள் ஏறத்தாழ கி.மு. 1600ஐச் சேர்ந்தவை. அவர்கள் பால் எடுத்தது நம் ரப்பர் மரத்திலிருந்து அல்ல, காஸ்டில்லா என்ற வேறொரு மரத்திலிருந்து. வெறும் பாலைக் காய வைத்தால் வெயிலில் பிசுபிசுத்து, குளிரில் விறைத்துப்போகும் கட்டிதான் கிடைக்கும். அதை வைத்துப் பந்தாட முடியாது. அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பதை 1999இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் எழுதினார்கள்: இரவில் வெள்ளைப் பூ விரியும் ஒரு கொடியை நசுக்கிச் சாறெடுத்துப் பாலில் கலந்திருக்கிறார்கள். சாறிலிருந்த கந்தகச் சேர்மங்கள் பாலோடு வினைபுரிய, துள்ளும் பந்து கிடைத்தது. சூடுகூடத் தேவைப்படவில்லை. ஸ்பானியர்கள் வந்தார்கள், பந்தைப் பார்த்து வாய் பிளந்தார்கள், கொடியை விட்டுவிட்டார்கள். ஐரோப்பா அந்தக் கைப்பக்குவத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதுவரை ஐரோப்பியர்களுக்கு ரப்பர் பெரும்பாலும் விளையாட்டுப் பொருள்தான். பென்சில் கோட்டை அழிக்க நல்லது என்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்துவைத்தார். 1823இல் கிளாஸ்கோவின் சார்லஸ் மாக்கின்டாஷ், நிலக்கரி வாயு ஆலையின் கழிவாக வந்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி மழைக்கோட்டு தைத்தார். மழைக்கு அது சரி. வெயில் வந்தால் கோட்டு ஒட்டிக்கொள்ளும், குளிர் வந்தால் தகரமாக நிற்கும், நாற்றம் வேறு.

லண்டனில் தாமஸ் ஹான்காக் என்று ஒருவர் இருந்தார். வண்டி கட்டும் தொழிலில் வளர்ந்தவர். இவருடைய தம்பி வால்டர் 1830களில் லண்டன் தெருக்களில் நீராவிப் பேருந்து ஓட்டியவர், ஆக வண்டிக்கும் ரப்பருக்கும் உறவு ஒரே வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. வெட்டிப்போட்ட ரப்பர்த் துண்டுகள் வீணாவது ஹான்காக்குக்குப் பொறுக்கவில்லை. 1820இல் பற்கள் வைத்த உருளைக்குள் துண்டுகளைப் போட்டுச் சுற்றினார். துண்டு துண்டாகக் கிழியும் என்று நினைத்தால், எல்லாம் சூடேறி ஒரே பிண்டமாகப் பிசைந்து வந்தது. பிசைந்த ரப்பரில் எந்தப் பொடியையும் கலக்கலாம், எந்த வடிவத்திலும் அழுத்தலாம். இன்றைய ரப்பர் ஆலைகளின் மிக்சிங் மில் அந்த எந்திரத்தின் பேரன்தான். எந்திரத்தின் குட்டு வெளிப்படாமலிருக்க, கேட்டவர்களிடம் அதை ‘ஊறுகாய்’ என்று சொல்லிவந்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் சார்லஸ் குட்இயர். கடன்காரர்கள் சிறைக்கு அனுப்புவதும் வெளியே வந்தவர் மறுபடி ரப்பரைப் பிசைவதுமாக வாழ்க்கை ஓடியது. நத்தானியேல் ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகம் தூவி வெயிலில் காயவைத்தால் பிசுபிசுப்பு குறைவதைக் கண்டிருந்தார். அந்த உரிமையை குட்இயர் விலைக்கு வாங்கிக்கொண்டார். 1839இல், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஓபர்ன் ஊரில், கந்தகம் கலந்த துண்டு ஒன்று சூடான அடுப்பில் பட்டுவிட்டது. உருகி ஓடியிருக்க வேண்டியது கருகி நின்றது. கருகிய ஓரத்துக்குப் பக்கத்தில் இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய இடத்துக்கே திரும்பும் ஒரு வளையம். தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலைப் பார்த்ததும் இதுதான் என்று தெரிந்துகொள்ள, அதற்கு முன் பல ஆண்டுகள் வீட்டு அடுப்பை நாசமாக்கியிருக்க வேண்டும். பழைய கார் ஆர்வலர்களின் மனைவிமார் குட்இயரின் மனைவிமீது பரிதாபப்படுவார்கள் என்று நினைக்கிறேன்.

இனித்தான் காப்பியடிக்கும் படலம். 1842இல் ஸ்டீபன் மோல்டன் என்ற வியாபாரி குட்இயரின் மாதிரித் துண்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்து, செய்முறையை விற்க முடியுமா என்று பார்த்தார். துண்டுகள் கைமாறி ஹான்காக்கிடம் வந்தன. மேற்பரப்பில் பூத்திருந்த மஞ்சள் பொடியைக் கண்டு இது கந்தக வேலை என்று ஊகித்தார். ஓராண்டுக்கு மேல் சோதித்து, உருகிய கந்தகத்தில் ரப்பரைத் தோய்த்து, 1843 நவம்பரில் இங்கிலாந்துக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். குட்இயருக்கு அமெரிக்கக் காப்புரிமை 1844இல்தான் கிடைத்தது. இங்கிலாந்தில் போட்ட வழக்கில் அவர் தோற்றார். வல்கனைசேஷன் என்று ரோமானியர்களின் நெருப்புக் கடவுளின் பெயரைச் சூட்டியவர் ஹான்காக்கின் நண்பர் புரோக்டன். நம்மூர் டயர்க்கடைப் பலகையில் இருக்கும் ‘வல்கனைசிங்’ அங்கிருந்து வந்ததுதான். 1860இல் குட்இயர் இறந்தபோது இரண்டு லட்சம் டாலர் கடன் பாக்கி. அவர் பெயரைத் தாங்கிய டயர் நிறுவனம் 1898இல் பிறந்தது. அவருக்கும் குடும்பத்துக்கும் அதில் ஒரு காசு பங்கில்லை.

மாதிரியைச் சுமந்துவந்த மோல்டனை மட்டும் மறந்துவிடாதீர்கள். அவர் 1848இல் பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊரில் ஒரு பழைய துணி ஆலையை வாங்கி ரப்பர் தொழிற்சாலை ஆக்கினார். ரயில் பெட்டிகளுக்கு ரப்பர் தாங்கிகள் செய்து குடும்பம் செழித்தது. கொள்ளுப்பேரன் அலெக்ஸ் மோல்டன், மோரிஸ் மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸின் நண்பர். 1959இல் இஸிகோனிஸ் மினி காரைக் கொண்டுவந்தபோது அதில் இரும்பு ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு ரப்பர் கூம்புகள். அவை அலெக்ஸ் மோல்டன் உருவாக்கியவை. குட்இயர் அடுப்பின் துண்டு, ஒரு வியாபாரியின் பெட்டி வழியாக, மினியின் அடிவயிற்றுக்குப் போய்ச் சேர்ந்த வழி இது.

கந்தகத்தின் வழி இப்படி என்றால், பாலின் வழி அமேசான் காட்டிலிருந்து வருகிறது. 1876இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் தப்பாஜோஸ் ஆற்றுப் பகுதியில் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைச் சேகரித்து அனுப்பினார். ஆயிரம் விதைக்கு 10 பவுன் என்று பேச்சு. பிற்காலத்தில் அவரே ரசித்துச் சொன்ன கடத்தல் கதையை அவ்வளவாக நம்ப வேண்டாம். விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அன்றைய பிரேசிலில் இல்லை. உண்மையான ஆபத்து வேறு: ரப்பர் விதையில் எண்ணெய்ச்சத்து அதிகம், சில வாரங்களில் கெட்டுவிடும். லண்டனின் கியூ தோட்டத்தில் ஜூன் மாதம் விதைத்ததில் சுமார் 2,700 மட்டுமே முளைத்தன. 1,919 கன்றுகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து சிலோனுக்குக் கப்பலேற்றினார்கள். கம்பஹா பக்கத்தில் ஹெனரத்கொடையில் அவை வேரூன்றின. சிங்கப்பூருக்கு முதலில் அனுப்பிய கன்றுகள் செத்துப்போக, 1877இல் வந்த 22 கன்றுகள் பிழைத்தன. அவற்றில் சில பேராக்கின் கோலக்கங்சாருக்குப் போயின.

பிழைத்தும் யாரும் சீண்டவில்லை. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லிதான் அந்த மரங்களோடு மல்லுக்கட்டினார். காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்த முறையை விட்டு, பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அதே கோட்டை மறுபடி திறந்தால் பால் கூடுவதையும் மரம் பட்டையை மீண்டும் வளர்த்துக்கொள்வதையும் காட்டினார். தோட்ட முதலாளிகளைக் கண்டால் சட்டைப்பைக்குள் விதையைத் திணிப்பாராம். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பெயர் கிடைத்தது. பைத்தியம் என்றவர்கள் போய்ச்சேர்ந்த பிறகும் அவர் இருந்தார். 1956இல், நூறு வயதில்தான் காலமானார்.

அவர் பேச்சைக் கேட்ட முதல் சிலரில் மலாக்காவின் டான் சே யான் ஒருவர். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது சொச்சம் ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாக்காவுக்கு அடுத்த வீடுதான் நெகிரி செம்பிலான். அங்கே அப்போது ஈயமும் காப்பியும். ரந்தாவ் பக்கத்து லின்சம் தோட்டமே காப்பியில் தொடங்கியது. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த ரயில் 1891இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. பிரேசில் காப்பியை அளவுக்கு மீறி விளைவித்து உலக விலையைக் கவிழ்த்தது; காப்பியில் கைசுட்டவர்கள் ரப்பருக்குத் தாவினார்கள். அதாவது, பிரேசிலின் காப்பிதான் பிரேசிலின் ரப்பரைக் கொல்லும் தோட்டங்களை மலாயாவில் நடவைத்தது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியபோது காட்டை வெட்டாத மலைச்சரிவைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

வெட்டியதும் நட்டதும் சீவியதும் பெரும்பாலும் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தமிழர்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் பிடித்துவரும் முறை 1938 வரை நீடித்தது. 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் இன்றும் தோட்டத்து முதியவர்களின் பேச்சில் வரும்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருப்பது அந்த இருட்டு நேரத்தில்தான். வெயில் ஏற ஏறப் பால் குறையும். நிரையில் ஒவ்வொரு மரத்தடியிலும் முதல் காரியம், முந்தைய வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உருவிக் கூடையில் போடுவது. பிறகு கத்தியை வைத்து, இடமேலிருந்து வலக்கீழாக, பட்டையை ஒரு மில்லிமீட்டர் சொச்சம் சீவுவது. ஆழம் போனால் மரம் காயப்படும், கங்காணி வாய் திறப்பார். ஆழம் போதாவிட்டால் பால் வராது, எடைச்சீட்டு வாய் திறக்கும். பால் கோட்டில் வழிந்து தகரப் பீலியில் இறங்கி மங்கு என்ற கிண்ணத்தில் சொட்டும். நானூறு ஐந்நூறு மரம் முடித்துத் திரும்பி வந்து, மங்குகளை வாளியில் வழித்து, காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்கு நடக்க வேண்டும். பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் கலந்து ஏமாற்றாமலிருக்கக் கிராணி மெட்ரோலாக் குச்சியை மிதக்கவிட்டு அளவு பார்ப்பார்.

ஸ்டோரில் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, தொட்டியில் பார்மிக் அமிலம் ஊற்றினால், பாலுக்கு உறை ஊற்றியது போல மறுநாள் கெட்டியாகிவிடும். தொட்டிக்குள் அலுமினியத் தகடுகளைச் செருகியிருப்பதால் பலகை பலகையாக வரும். அதை உருளைகளுக்கு நடுவே அனுப்பித் தண்ணீரைப் பிழிவார்கள். கடைசி உருளையில் வரிகள் உண்டு. வரி விழுந்த ஷீட்டு சீக்கிரம் காயும், அடுக்கினால் ஒட்டாது. பிறகு புகைக்கூடம். ரப்பர் விறகின் புகையில் சில நாள் தொங்கிப் பொன்பழுப்பாக இறங்கும். பூஞ்சணம் தட்டாமலிருக்க இந்தப் புகை. பேல் கட்டி ரயிலேற்றினால் தோட்டத்தின் வேலை முடிந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தோட்டத்தில் கந்தகமும் இருந்தது. இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் பருவத்தில் ஓய்டியம் என்ற பூஞ்சைநோய் தளிரைத் தின்னும். அதற்கு மருந்து கந்தகத் தூள். விசிறி எந்திரத்தால் அதிகாலையில் மரத்துக்கு மேலே ஊதுவார்கள், மஞ்சள் மேகமாக இலைமேல் படியும். மேலே கந்தகம், கீழே மங்கில் பால், பக்கத்திலேயே புகைக்கூடத்தின் நெருப்பு. குட்இயர் அடுப்பில் சேர்ந்த அத்தனையும் ஒரே தோட்டத்தில் இருந்தன. ஆனால் அவை ஒன்றுசேர ஏற்பாடான இடம் அமெரிக்காவின் ஆக்ரன், இங்கிலாந்தின் பர்மிங்காம். லாபம் இருந்ததும் அங்கேதான். பாலுக்குக் கூலி இங்கே, புஷ்ஷுக்கு விலை அங்கே என்று பங்கு பிரித்தது வேதியியல் அல்ல.

பாலைக் கேட்டு வாங்கியது சக்கரம். 1888இல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடித்த குழாய் மாட்டினார். காப்புரிமையும் எடுத்தார். சில ஆண்டுகளில் அது செல்லாமல் போயிற்று, ஏனென்றால் ராபர்ட் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதையே 1845இல் பதிந்துவிட்டிருந்தார். அன்று ஓட்டுவதற்குச் சைக்கிளும் இல்லை, காரும் இல்லை, யோசனை உறங்கிப்போனது. மிஷ்லின் சகோதரர்கள் 1895இல் பாரிஸ்–போர்தோ பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டிக் காட்டினார்கள். டன்லப் நிறுவனம் பிறகு மலாயாவில் தன் சொந்தத் தோட்டங்களையே வாங்கியது. பகாவ் வட்டாரத்துத் தோட்டங்கள் அதில் உண்டு, பத்தாங் மலாக்காவில் அதன் ஆய்வு மையமே இருந்தது.

டயர் ஆரம்பத்தில் வெளுப்பாகத்தான் இருந்தது. 1904இல் லண்டன் சில்வர்டவுனில் மோட் என்பவர் கரித்தூள் சேர்த்தால் ரப்பர் பலமடங்கு தேய்மானம் தாங்குவதைக் கண்டார். 1906இல் ஆக்ரனில் ஜார்ஜ் ஓன்ஸ்லேகர், அனிலின் வகைச் சேர்மம் கொஞ்சம் போட்டால் கந்தக வேலை மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்கு இறங்குவதைக் கண்டார். பால், கந்தகம், கரி, துத்தநாக ஆக்சைடு, முடுக்கி: இன்றைய புஷ்ஷின் சமையல் குறிப்பு அங்கேயே பூர்த்தியாகிவிட்டது. மீதி இடம் தேடும் வேலை. 1931இல் கிரைஸ்லர் நிறுவனம் பிளிமத் காரில் இன்ஜினை ரப்பர் மெத்தைமேல் உட்கார வைத்து ‘மிதக்கும் சக்தி’ என்று விளம்பரம் செய்தது. பிரான்சின் சித்ரோயன் உரிமம் வாங்கி அதையே தன் காரில் வைத்து, கார்முகப்பில் நீந்தும் அன்னத்தின் படத்தையும் ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு கதவு விளிம்பு, கியர் கம்பி, வயர் நுழையும் ஓட்டை என்று காரில் ரப்பர் புகாத மூலை இல்லை.

போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததும், உலகத்தின் பெரும்பங்கு ரப்பர் ஜப்பானியர் கைக்குள். அமெரிக்கா அவசரமாகச் செயற்கை ரப்பர் ஆலைகளைக் கட்டிக் குவித்தது. வாங்க ஆளில்லாத மலாயாவில் ரப்பரைக் காய்ச்சி எண்ணெய் எடுத்து வண்டி ஓட்டிப் பார்த்தார்கள். தோட்டங்களில் வேலையற்றுப்போன தமிழர்களில் பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை.

போருக்குப் பின் செயற்கை ரப்பர் போகவில்லை. எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல், வெயில் படும் கதவு விளிம்புக்கு 1960களிலிருந்து இபிடிஎம் என்று வேலை பிரிந்தது. ஆனால் ஓயாமல் முறுகி, அதிர்ந்து, சூடேறாமல் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் மரப்பாலை எதுவும் முழுசாக விரட்டவில்லை. விமான டயரும் இன்ஜின் மெத்தையும் சஸ்பென்ஷன் புஷ்ஷும் இன்னும் அதன் கோட்டை. 1925இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், 1965இல் கண்ணால் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கத்தை விட்டு ஆய்வுக்கூட அளவீட்டோடு மலேசியத் தர ரப்பரை விற்கவைத்தது. மலாயா உற்பத்தியாளர்களின் பணத்தில் 1938இல் இங்கிலாந்தில் பிறந்த ஆய்வுக்கூடம் இன்று ஹெர்ட்ஃபோர்டில் துன் அப்துல் ரசாக் பெயரில் இருக்கிறது. 1985இல் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குகமோங்காவில் ஒரு நீதிமன்றக் கட்டடம் நிலநடுக்கம் தாங்க ரப்பர் மெத்தைகள்மேல் எழுந்தபோது, அந்த ரப்பருக்கான கலவை அந்தக் கூடத்தில் உருவானது. மோரிஸ் மைனர் புஷ்ஷின் பெரியண்ணன் என்று அதைச் சொல்லலாம்.

இதற்கிடையில் மரங்கள் போய்க்கொண்டிருந்தன. 1980களின் இறுதிவரை இயற்கை ரப்பரில் உலகின் முதலிடம் மலேசியாவுக்கு. அதற்குள்ளேயே நெகிரி செம்பிலான் சரிவுகளில் செம்பனை ஏறிவிட்டது. நீலாய், சிரம்பான் பக்கம் வீடமைப்பு ஏறிவிட்டது. லயங்களில் இருந்தவர்கள் பட்டணத்துக்கு இறங்கினார்கள். கையுறை செய்வதில் உலகின் முதல் வரிசையில் நிற்கும் நாடு, இன்று அதற்கான பாலைத் தாய்லாந்திலிருந்து வாங்குகிறது.

ஆனால் பாலைப் பொருளாக்கும் கைகள் வீட்டுக்குள் வந்திருக்கின்றன. வீட்டில் செய்வது நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. தோட்டத்துப் பிள்ளைகள் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்து செய்தவர்கள்தான். மெக்சிகோக்காரர்களின் கொடிச்சாறு மட்டும் அதில் இல்லை, அதனால் வெயிலில் வைத்தால் இளகும்.

பழைய காருக்கு இன்று மூன்று வழி. கியர் கம்பியைச் சுற்றியிருக்கும் மடிப்பு உறையைப் போன்ற மெல்லிய சாமானுக்கு, முன்கூட்டியே கந்தக வேலை முடித்த திரவப் பால் போதும். ஜோகூரின் குளுவாங்கில் ரெவர்டெக்ஸ் நிறுவனம் அப்படிப்பட்ட பாலை நெடுங்காலம் செய்துவந்தது. பழைய உறையை வைத்துப் பாரிஸ் சாந்தில் அச்செடுத்து, அச்சு நன்றாகக் காய்ந்ததும் பாலை நிரப்ப வேண்டும். சாந்து தண்ணீரை உறிஞ்ச, சுவரோரம் ரப்பர் தோல் கட்டும். போதிய தடிமன் வந்ததும் மிச்சத்தைத் திரும்ப ஊற்றிவிட்டு உலரவிடலாம்.

புஷ்ஷுக்குச் சூட்டு அச்சு வேண்டும். அதில்தான் பாலும் கந்தகமும் நம் கைக்குள் சந்திக்கின்றன. எல்லாம் கலந்து, ஆனால் இன்னும் வேகாத காம்பவுண்ட் பட்டையாகக் கிடைக்கும்: நூறு பங்கு ரப்பருக்கு இரண்டரைப் பங்கு கந்தகம், ஐந்து துத்தநாக ஆக்சைடு, கரித்தூள் முப்பது ஐம்பது என்ற கணக்கில். லேத் பட்டறையில் இரண்டு துண்டாக அலுமினிய அச்சு கடைந்து, காம்பவுண்டைக் கொஞ்சம் கூடுதலாகவே அடைத்து, போல்ட் போட்டு இறுக்கி, 150 பாகை செல்சியஸில் அரை மணி நேரம் வைத்தால் வெந்துவிடும். தடித்த உருளைக்கு நேரம் கூட்ட வேண்டும், ரப்பருக்குள் சூடு மெதுவாகத்தான் நடக்கும். ஆறினால் நூற்றுக்கு ஒன்றரை இரண்டு பங்கு சுருங்கும், அந்த அளவு அச்சைப் பெரிதாகக் கடைய வேண்டும். தேய்ந்த பழைய புஷ்ஷைப் பார்த்து அளவெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அது உட்காரும் இரும்புக் கூட்டையும் உள்ளே நுழையும் தண்டையும் அளக்க வேண்டும். அச்சை வேகவைக்கவென்று ஒரு பழைய மின் அடுப்பை வாங்கி வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கந்தக நெடி ஏறிய அடுப்பில் அப்புறம் யாரும் கேக் சுடமாட்டார்கள்.

மூன்றாவது வழி, இரண்டு புட்டித் திரவத்தைக் கலந்து ஊற்றும் பாலியூரிதேன். சூடு வேண்டாம், கந்தகம் வேண்டாம், பாலும் வேண்டாம். சுலபம்தான், எண்ணெய்க்கும் அசையாது. ஆனால் சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொல்லும், சில சமயம் கீச்சிடும். ஓட்டு கேட்டால் நான் மரப்பாலுக்குத்தான் போடுவேன்.

பிரேக்கில் மட்டும் கை வைக்காதீர்கள். சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்க் கிண்ணத்தை வீட்டில் செய்யவே கூடாது, அது கடையில் வாங்க வேண்டிய சாமான். அதில் தவறிப்போய் இன்ஜின் எண்ணெயோ சாதாரண கிரீஸோ பட்டாலும் ஊதிவிடும். ஆரம்பகாலப் பிரேக் திரவமே ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் கலந்ததுதான், மரப்பாலை உறுத்தாத எண்ணெய் அது. பிரேக் ரப்பருக்கென்று இன்றும் கடையில் விற்கும் சிவப்பு கிரீஸ் ஆமணக்கிலிருந்து வருவது.

புதுப் புஷ்ஷை நுழைக்கச் சோப்புத் தண்ணீரே போதும். நுழைந்ததும் போல்ட்டை உடனே முறுக்கிவிட வேண்டாம். ஜாக்கியில் சக்கரம் தொங்கும்போது முறுக்கினால், வண்டி தரையிறங்கியதுமே ரப்பர் திருகிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழியும். காரைத் தரையில் இறக்கி, முழுப் பாரமும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு, கீழே படுத்துக் கடைசி முறுக்கைக் கொடுங்கள்.